புள்ளி விழாத மிஷின்

ஈப்போவில் என் வீட்டுக்கு முதன்முறை வருகிறவர்கள், "அடகுக்கடை வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்பது வழக்கம். முன்கூடம் முழுக்கத் தட்டச்சு மிஷின்கள். ஆங்கில மிஷின்கள்தான் அதிகம். மலாய் மொழியை அரபு வடிவில் எழுதும் ஜாவி எழுத்தில் வலமிருந்து இடமாக ஓடுவது ஒன்று உண்டு. ஹாட்யாய் சந்தையில் பிடித்த தாய்லாந்து மிஷின் ஒன்று. தமிழ் மட்டும் இல்லை. "தாய் எழுத்து இருக்கு, தாய்மொழி எழுத்து இல்லை" என்று என் அண்ணன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பை நிறுத்தத்தான் வங்கியில் விடுப்புப் போட்டுவிட்டுக் கடல் தாண்டித் தேனிக்குப் போனேன். பூர்வீகம் தேடிப் போகவில்லை. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அந்தப் பக்கம் உறவு கிடையாது. ஞானதுரை என்கிற பாத்திரக்கடைக்காரர் ஒரு தமிழ் மிஷினின் படத்தை இணையத்தில் போட்டிருந்தார். நான்கு பக்கமும் எடுத்து அனுப்புங்கள், அடியில் பொறித்த எண்ணையும் எடுங்கள் என்று கேட்டேன். எடுத்து அனுப்பினார். பச்சை உடம்பு, கறுப்பு விசைகள், ஓரிடத்திலும் துருவில்லை. புறப்பட்டுவிட்டேன்.

தேனியில் முதலில் தெரிந்தது காற்று. பேருந்தை விட்டு இறங்கியதும் துப்பட்டாவைப் பிடுங்கிக்கொண்டு போனது. பக்கத்தில் நின்ற பூக்காரம்மா எட்டிப் பிடித்துக் கொடுத்தார். "ஆனி ஆடியில இங்கன இப்படித்தான் ஆத்தா. சேலை கட்டுனா இடுப்புல சொருகிக்கிரணும்" என்றார். எங்கள் ஊரில் காற்று இல்லை, மழை மட்டும்தான். நான்கு பக்கமும் சுண்ணாம்புக்கல் மலைகள் நின்றுகொண்டு காற்றை உள்ளே விடுவதில்லை. இங்கேயும் மலைகள்தான். ஆனால் எங்கோ ஒரு வாசலைத் திறந்து வைத்துவிட்டார்கள்.

தேநீர்க் கடையில் ஒரு சின்னக் கிளாஸில் டீ கொடுத்தார்கள். ஈப்போவில் இதைப்போல் மூன்று பங்கு தருவார்கள், ருசி இதில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். இன்னொன்று வாங்கிக் குடித்துவிட்டு ஞானதுரையின் கடையைத் தேடிப் போனேன்.

கடை வாசலில் எவர்சில்வர் குடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. ஞானதுரைக்கு ஐம்பது வயது இருக்கும். கனத்த உடம்பு, வெள்ளைச் சட்டை, சுவரில் ஒரு வேத வசனக் காலண்டர். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"வாங்க மேடம், வாங்க! இம்புட்டுத் தூரம் ஒரு டைப் மிஷினுக்காகவா வந்தீக? எங்க வீட்டுல சொன்னா நம்ப மாட்டேங்குறாக."

"மிஷின் எங்கே?" என்றேன். எனக்குப் பொறுமை இல்லை.

"அது அக்கா வீட்டுல இருக்கு. கடமலைக்குண்டு. நாளைக்கு அங்கன ஒரு கல்யாண வீட்டுக்குச் சீர்ப் பாத்திரம் கொண்டுபோறேன். நம்ம வண்டியிலயே போயிருவோம்."

"அக்காவுக்கு விற்கச் சம்மதம்தானே?"

"அதெல்லாம் பேசிக்கிரலாம் மேடம்" என்று சொல்லிவிட்டு, நேராக இருந்த குடத்தை எடுத்து மறுபடி நேராக வைத்தார். அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் படத்தில் பார்த்த பச்சை என் கண்ணை மறைத்தது.

அன்றைய பகலை வீணாக்காமல் போடிக்குப் போய்வரும்படி அவரே சொன்னார். அவருக்குத் தெரிந்த ஏலக்காய் வியாபாரி ஒருவரின் சரக்குக் கிட்டங்கியில் பழைய தமிழ் மிஷின் ஒன்று கிடக்கிறதாம். போனேன். கடைத்தெரு முழுக்க ஏலக்காய் வாசனை. சற்று நேரத்தில் மூக்குக்குப் பழகிவிடும் என்று நினைத்தேன், பழகவில்லை. கிட்டங்கிக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருந்ததுதான் அந்த மிஷின்.

"எடுத்துட்டுப் போங்கம்மா, புண்ணியமாப் போகும்" என்றார் வியாபாரி. "அதுல இடிச்சு இடிச்சு என் சுண்டுவெரல் நெகமே போயிருச்சு." கதவுக்கு ஒரு கருங்கல்லை வைத்துவிட்டு மிஷினை என் கையில் கொடுத்தார். கூடவே ஒரு பொட்டலம் ஏலக்காயும்.

வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். காகிதம் சுற்றும் உருளை வெடித்திருந்தது. உருளையைத் தாங்கி ஓடும் வண்டி துருப்பிடித்து நகரவில்லை. பாதி விசைகளுக்குத் தொப்பி இல்லை. ஆனால் வயிற்றுக்குள் எழுத்துக் கம்பிகள் ஒன்றுகூடக் குறையாமல் விசிறிபோல் படுத்திருந்தன. ஞானதுரை படம் அனுப்பிய மிஷினும் இதுவும் ஒரே கம்பெனி, ஒரே அளவு எழுத்து. உதிரி பாகத்துக்கு ஆகும் என்று துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டேன்.

திரும்பும் பேருந்தில் அதை மடியில் வைத்திருந்தேன். பின்னால் இரண்டு மலையாளப் பெண்கள். எங்கள் பக்கத்து வீட்டில் மலையாளிகள் இருப்பதால் எனக்கு அந்தப் பேச்சு பாதி புரியும். "ஆர்மோனியம். கோயிலில் பாட வந்தவள்" என்றாள் ஒருத்தி. "ஆர்மோனியம் இவ்வளவு கனமாக இருக்காது. தையல் மிஷினின் தலை" என்றாள் மற்றவள். முடிவு தெரிவதற்குள் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கி வேப்பமரத்தடியில் நின்றோம். வேரில் உட்கார்ந்த ஒரு கிழவர், கேட்காமலேயே என் மூட்டையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, "பொம்பளப்பிள்ள இத எப்படித் தூக்கிட்டு நிக்கும்?" என்று மற்றவர்களைக் கடிந்துகொண்டார். துண்டு விலகியதும் பார்த்துவிட்டு, "கோர்ட்டு வாசல்ல வச்சிருப்பாகளே, அதுவா? எந்தக் கேசு ஆத்தா?" என்று இரக்கமாகக் கேட்டார். அந்த இரண்டு பெண்களும் ஏமாற்றத்தோடு என்னைப் பார்த்தார்கள்.

மாலையில் பரோட்டா சாப்பிட்டேன். எங்கள் ரொட்டி சானாய் தட்டில் முழுதாக வரும், பக்கத்தில் பருப்புக் குழம்பு மரியாதையாக நிற்கும். இங்கே பரோட்டாவைக் கையால் பிய்த்துப்போட்டு அதன் தலையிலேயே சால்னாவை ஊற்றிவிடுகிறார்கள். இதைச் சொன்னால் ஈப்போவில் என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்: இதுதான் சரி.

மறுநாள் ஞானதுரையின் குட்டியானையில் கிளம்பினோம். குட்டியானை என்பது இங்கே சின்ன சரக்கு வண்டிக்குப் பெயர். பின்னால் அண்டா, குண்டா, குத்துவிளக்கு எல்லாம் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு சத்தம் போட்டன. கல்யாணமே எங்களோடு வருவதுபோல் இருந்தது. இருபுறமும் முருங்கைத் தோட்டங்கள். தூரத்தில் இலவமரங்கள் கிளைகளைக் கைபோல நீட்டிக்கொண்டு நின்றன. ஓரிடத்தில் ஆட்டுக்கூட்டம் ஒன்று சாலையை எழுதி வாங்கியதுபோல் நடந்தது. ஞானதுரை ஒலிப்பானைத் தொடவில்லை. வண்டியை அணைத்துவிட்டு அக்காவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

அக்கா பெயர் சுகிர்தம். அரசு அலுவலகம் ஒன்றில் டைப்பிஸ்டாக இருந்தவர். அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது பழைய மிஷின்களை ஏலம் விட்டார்கள். தான் தட்டிய மிஷினைத் தானே ஏலத்தில் எடுத்துவந்தாராம்.

"எங்கம்மா நான் கைப்பிள்ளையா இருக்கும்போதே தவறிட்டாக. அக்காதான் என்னய வளத்தாக. சர்ச்சுல வேதபாடம் வாசிச்சாகன்னா மைக்கே வேணாம் மேடம், தெருமுனை வரைக்கும் கேக்கும். ஓய்வு வாங்குன கொஞ்ச நாள்ல பக்கவாதம் வந்துருச்சு. வலது கை விழுந்துருச்சு. பேச்சும்..." நிறுத்திவிட்டு, தோள்பட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "காத்துல தூசி" என்றார். வண்டிக் கண்ணாடி ஏற்றியிருந்தது.

ஆடுகள் போய்விட்டன. வண்டியைக் கிளப்பினார். பேச்சுப் போன ஒருவர் தட்டச்சு மிஷினை ஏன் விற்கிறார் என்று கேட்க வாயெடுத்தேன். கல்யாண வீடு வந்துவிட்டது. பாத்திரங்கள் இறங்கின. எங்களுக்குக் கலர் சோடா கொடுத்தார்கள்.

சுகிர்தம் அக்காவின் வீடு ஊர்க்கடைசியில், தென்னந்தோப்பை ஒட்டி இருந்தது. அவர் கணவர் தங்கையா வாசலுக்கு வந்தார். ஒல்லியான மனிதர், முழங்கை வரை மாவு. "தோசைக்கு ஆட்டிக்கிட்டு இருந்தேன். இப்ப எல்லாம் நம்ம டிபார்ட்மெண்டுதான்" என்று சிரித்தார்.

உள்ளே ஜன்னலோரம் ஒரு மேஜை. அதன்மேல் அந்தப் பச்சை மிஷின். சொன்னால் நம்ப மாட்டீர்கள், படத்தில் இருந்ததைவிட அழகாக இருந்தது. விசைகள் நடுவில் லேசாகத் தேய்ந்து பளபளத்தன. அதற்குப் பிறகுதான் முன்னால் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தேன். அறுபது வயது, இறுக்கிப் பின்னிய தலை, மடியில் அசையாமல் கிடக்கும் வலது கை. முகத்தின் ஒரு பக்கம் என்னைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, சிரிக்காமலும் இல்லை.

அவர் இடது கையால் காகிதத்தைச் செருகினார். ஒரே கையால் தட்டினார். மேல் எழுத்து வேண்டுமென்றால் கட்டைவிரலால் ஷிஃப்ட் பூட்டை அழுத்தி, தட்டி, மறுபடி பூட்டை விடுவித்தார். மெதுவாகத்தான். ஆனால் ஒரு தடுமாற்றம் இல்லை. காகிதத்தை உருவி என்னிடம் நீட்டினார்.

"வாஙக வநதீரகளா" என்று இருந்தது. ஓர் எழுத்துக்கும் புள்ளி இல்லை.

"புள்ளி அச்சு விழுந்து காணாமப் போச்சு" என்றார் தங்கையா. "வீடு பூரா சல்லடை போட்டுத் தேடிட்டோம். நாங்க பழகிட்டோம், புள்ளி இல்லாமயே வாசிச்சிருவோம்."

நானும் வாசித்தேன். வாங்க, வந்தீர்களா. என்ன அன்பான வரவேற்பு என்று நினைத்து, "ஆமாக்கா, வந்துட்டேன்!" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னேன்.

அவர் முகம் இறுகிப்போனது. விசைகளின் மேலிருந்த கையை எடுத்து, விழுந்த கையின்மேல் வைத்துக்கொண்டார். பிறகு ஜன்னலைப் பார்க்கத் தொடங்கினார். என்ன தவறு செய்தேன் என்று எனக்கு விளங்கவில்லை. ஞானதுரை அவசரமாக, "அக்கா, இவுக மிஷினைப் பாத்துட்டு..." என்று எதையோ சொல்லி முடிக்காமல் விட்டார்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். தங்கையா முருங்கைக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார். எங்கள் ஊரில் கருவாட்டைக் கண்டால் நான் அடுத்த அறைக்குப் போய்விடுவேன். இங்கே இரண்டாம் முறை சோறு வாங்கினேன். சுகிர்தம் அக்கா இடது கையில் கரண்டியால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

குழம்பு ஊற்றிக்கொண்டே தங்கையா பேசினார்.

"இவ அடிக்கிறதைப் பாத்தா சிரிச்சிருவீக. ஆயுசு பூரா ஆபீசுக் கடிதாசியா அடிச்ச கையில்லையா? நான் தோட்டத்துல இருந்து லேட்டா வந்தா, 'தாமதத்திற்கான காரணம் தெரிவிக்கவும்'னு அடிச்சு வச்சிருப்பா. குழம்புல உப்பு இல்லைன்னா, 'உப்பின் அளவு குறைவாக உள்ளது'ன்னு ஒரு ஆர்டர். மக வந்தாக்கூட 'வருக'ன்னுதான் வரும். வாங்க போங்கன்னு அடிக்க அந்த வெரலுக்கு வராது."

கையில் எடுத்த உருண்டை வாய்க்குப் போகவில்லை.

'வாங்க' என்று வரவேற்க அந்த விரலுக்கு வராது. அப்படியென்றால் அவர் என்னை வரவேற்கவில்லை. அது ஒரு கேள்வி. வாங்க வந்தீர்களா? விலை கொடுத்து வாங்குவதற்கா வந்தீர்கள்? நானோ பல்லைக் காட்டி ஆமாம் என்றேன்.

கைகழுவும் சாக்கில் ஞானதுரையைப் பின்பக்கம் கூட்டிப்போனேன். "உங்கள் அக்காவிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள்?"

அவர் துவைக்கிற கல்லைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ரிப்பேர் பாக்க ஆள் கூட்டிட்டு வர்றேன்னு சொன்னேன் மேடம். நீங்க சரிபண்ணப் போறேன்னு எடுத்துட்டுப் போயிருங்க. கொஞ்ச நாள் தேடுவாக. அப்புறம் விட்டுருவாக."

"ஏன்?"

"பேச்சுப் பயிற்சி குடுக்குற டாக்டரம்மா சொன்னாக, பேசப் பேசத்தான் வரும்னு. மொதல்ல கொஞ்சம் பேசுனாக. குளறும், ஆனா பேசுனாக. இந்த மிஷின்ல ஒக்காந்ததுல இருந்து வாயே தொறக்குறதில்ல. இது போயிருச்சுன்னா பேசித்தான ஆகணும்? அந்தக் கொரலை நான் இன்னொரு தடவை கேக்கணும் மேடம். எனக்கு வேறொண்ணும் வேணாம்."

அவர் மேல் கோபப்பட முடியவில்லை. அதுமட்டுமல்ல, உள்ளதைச் சொல்வதென்றால், அந்த மிஷின் எனக்கு வேண்டும். சரிபார்க்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தூக்கிக்கொண்டு போய்விடலாம். அக்காவின் நன்மைக்குத்தான் என்று அவர் தம்பியே சொல்கிறார். கொஞ்ச நேரம் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றேன். பின்பு உள்ளே போனேன்.

சுகிர்தம் அக்கா தூங்கவில்லை. கட்டிலின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"அக்கா, வாங்கத்தான் வந்தேன். உங்களுக்குத் தெரியாம விக்கிறாங்கன்னு எனக்குத் தெரியாது. நீங்க குடுக்க வேணாம்."

அவர் கட்டிலைப் பிடித்து எழுந்து மேஜைக்குப் போனார். தட்டி நீட்டினார். புள்ளிகளை நானே போட்டு வாசித்தேன்: "பழுது பார்ப்பவருக்கு அடிப்பாகத்து எண்ணின் புகைப்படம் தேவையில்லை."

நான் கேட்டு வாங்கிய படம்! அவருடைய தம்பி மிஷினைக் கவிழ்த்துப் படமெடுத்த அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொரு தாளைச் செருகினார். இந்த முறை நெடுநேரம் தட்டினார். சத்தம் கேட்டு ஞானதுரையும் தங்கையாவும் வந்து நிலைப்படியில் நின்றார்கள். முடித்ததும் தம்பியிடம் கொடுப்பார் என்று நினைத்தேன். என்னிடம் கொடுத்து, வாசி என்று கையால் சொன்னார்.

"தமபி அறிவது" என்று தொடங்கியது. புள்ளி இல்லாததால் ஒவ்வொரு சொல்லையும் தட்டிப் பார்த்துத் தட்டிப் பார்த்துத்தான் போக முடிந்தது. சத்தமாக வாசித்தேன்.

"தம்பி அறிவது. நான் பேசும்போதெல்லாம் நீ அழுகிறாய். நீ அழுவதைப் பார்த்து உன் அத்தான் தோட்டத்துக்குப் போய்விடுகிறார். நான் சொல்ல வந்தது யாருக்கும் கேட்பதில்லை. ஆகையால் பேசுவதை நிறுத்திக்கொண்டேன். இதில் மிஷினின் மீது தவறேதும் இல்லை."

ஞானதுரை நிலைப்படியை விட்டு உள்ளே வந்தார்.

"நான் எப்பக்கா அழுதேன்?" என்றார் ஞானதுரை. கன்னம் இரண்டும் நனைந்திருந்தது.

"ஏலே துரை, இப்ப என்ன பண்ணிக்கிட்டு இருக்க?" என்றார் தங்கையா.

சுகிர்தம் அக்கா சிரித்துவிட்டார். பெரிய சிரிப்பு. அதில் குளறல் எதுவும் இல்லை. மேடையில் வேதபாடம் வாசித்த குரல் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

தங்கையா மனைவியின் பக்கத்தில் போய் நின்றார். "நான் போறது அழுகையப் பாக்கமாட்டாமத்தான். ஒன் பேச்சுக்கு இல்ல. தோட்டத்துல நிக்கும்போது இந்த டக்கு டக்குச் சத்தம் காதுல விழுந்தா, சரி, இருக்கான்னு நெனச்சுக்குவேன். இத விக்கச் சொன்னப்ப எனக்கு மனசே இல்ல. டாக்டரம்மா சொன்னாகன்னு இவன் சொன்னான், வாய மூடிக்கிட்டேன்."

"மிஷினும் இருக்கட்டும், பேச்சும் வரட்டும்" என்றேன் நான். எனக்கு வைத்தியம் தெரியாது. மிஷின் தெரியும். "அந்தப் புள்ளியை நான் போட்டுத் தருகிறேன். போடியில் எடுத்த மிஷினில் இருக்கிறது. தேனியில் என் லாட்ஜ் அறையில் கிடக்கிறது."

ஞானதுரை மூக்கைச் சிந்திக்கொண்டு வண்டிச் சாவியைத் தேடினார். என் அறைச் சாவியைக் கொடுத்தேன். "காலையில கொண்டாந்துருறேன் தங்கச்சி" என்றார். 'மேடம்' போய்விட்டது.

அன்று அங்கேயே தங்கினேன். மறுநாள் தங்கையா முருங்கைக்கீரை அடை சுட்டுக்கொண்டிருக்கும்போதே குட்டியானை வந்துவிட்டது. பின்னால் காலியாக, முன் இருக்கையில் என் துருப்பிடித்த மிஷினுக்கு பெல்ட் போட்டு உட்கார வைத்திருந்தார்.

எழுத்துக் கம்பியின் நுனியில் சின்ன இரும்பு அச்சு ஈயப்பற்றால் ஒட்டியிருக்கும். போடி மிஷினில் இருந்து அதை உருக்கி எடுத்து இதில் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். கடைத்தெருவில் செல்போன் சரிபார்க்கும் கடையில் ஈயம் உருக்கும் சூட்டுக்கோல் இரவல் கிடைத்தது. "என்ன மாடல் போனுக்கு?" என்று கேட்டார் கடைக்காரர். மிஷின் என்றதும் கடையைச் சாத்திவிட்டுக் கூடவே வந்துவிட்டார்.

சொல்ல எளிது. புள்ளி எழுத்தின் உச்சந்தலையில் விழ வேண்டும். தமிழ் மிஷினில் புள்ளியைத் தட்டினால் வண்டி நகராது. அதே இடத்தில் எழுத்தைத் தட்டினால் இரண்டும் சேர்ந்து மெய்யெழுத்தாகும். நான் முதலில் ஒட்டியபோது புள்ளி எழுத்துக்குப் பக்கத்தில் போய் ஈபோல் உட்கார்ந்தது. சுகிர்தம் அக்கா தலையை ஆட்டினார். உருக்கினேன், ஒட்டினேன். இந்த முறை எழுத்துக்குள் விழுந்தது. அக்கா விரலால் காகிதத்தைத் தொட்டு, மேலே, இன்னும் மேலே என்று காட்டினார். கோபம் வந்தது. எனக்கு என் மேல், அவருக்கு என் மேல். மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தோம். ஞானதுரை என் முகத்துக்கு நேரே விசிறியைப் பிடித்துக்கொண்டு நின்றார். காற்றில் சூட்டுக்கோல் ஆறிப்போகிறது என்று அவரையும் விரட்டினேன்.

கடைசியில் அக்கா தட்டினார். தட்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாளை உருவி, இந்த முறை தம்பியிடம் நீட்டினார். ஒற்றைச் சொல்தான்: "தம்பி". அதன் தலையில் சரியாக, கருகருவென்று ஒரு புள்ளி.

ஞானதுரை அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு மேலே மின்விசிறியைப் பார்த்தார். அழவில்லை.

கையோடு கொண்டுவந்திருந்த புது ரிப்பன் இரண்டையும் அக்காவிடம் கொடுத்தேன். போடி மிஷினைத் துண்டில் சுற்றிக்கொண்டேன். என் வீட்டுக்குத் தமிழ் வருகிறது, புள்ளி இல்லாமல். அண்ணன் சிரிக்கட்டும்.

மாலையில் பேருந்து நிறுத்தத்துக்கு நால்வருமாக நடந்தோம். வேண்டாம் என்று சொல்லியும் அக்கா தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். ஞானதுரைக்குக் கல்யாண வீட்டில் வேலை இருந்தது, அதனால் நான் தனியாகத்தான் தேனிக்குத் திரும்ப வேண்டும். சாலையில் போனவர்கள் நின்று நலம் விசாரித்தார்கள். அக்கா தலையசைத்தார்.

பேருந்து வந்தது. மூட்டையை ஏற்றிவிட்டுப் படியில் காலை வைத்தேன். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். கனமாக, ஈரத்துணியைப் பிழிவதுபோல் வந்தது. சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

திரும்பினேன். சுகிர்தம் அக்காதான். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்னக்கா?"

மறுபடி சொன்னார். வாய் ஒரு பக்கம் இழுத்தது. கழுத்து நரம்பு தெரிந்தது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தவர் எடுத்துவிட்டார். ஞானதுரை எனக்கு விளக்கிச் சொல்ல ஓரடி முன்னால் வந்தார். தங்கையா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இன்னொரு தடவை சொல்லுங்கக்கா."

அவர் மூச்சை இழுத்துக்கொண்டார். பேருந்தின் இடது பக்கத்தைத் தடியால் காட்டினார். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"அந்தப்... பக்கம்... வெயிலு. டைவர்... பக்கம்... ஒக்காரு."

"சரிக்கா" என்றேன்.

ஞானதுரை குனிந்து பேருந்தின் டயரை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது கண் உலர்ந்திருந்தது. "காத்து இருக்கு, போங்க" என்றார்.

உள்ளே ஏறினேன். பெண்கள் பக்கத்தில் ஜன்னலோரம் காலியாக இருந்தது. மேற்கு வெயில் இருக்கை முழுக்க விழுந்து கிடந்தது. டிரைவர் பக்கத்தில் ஒரு குடும்பம் நெருக்கி உட்கார்ந்திருந்தது. கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லி, மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தேன்.